பீரோவில் கிடக்கும் பழைய '120' நெகட்டிவ்: எந்த ஸ்கேனர் வாங்கலாம்? காசு வீணாகாமல் தப்பிப்பது எப்படி?

தாத்தா - பாட்டி கல்யாண ஆல்பத்தைக் கரையான் அரித்துவிட்டது. மிச்சம் இருக்கும் போட்டோக்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு பிரிக்க முடியவில்லை. ஆனால் பீரோவைச் சுத்தம் செய்யும்போது ஸ்டூடியோ பெயர் அச்சிட்ட ஒரு பழைய கவர் கிடைக்கிறது. உள்ளே சதுரம் சதுரமாக நெகட்டிவ்கள்! பல வீடுகளில் இப்படித்தான் ஆரம்பிக்கிறது.

அடுத்து பெரும்பாலானவர்கள் செய்வது, ஆன்லைனில் 'பிலிம் ஸ்கேனர்' என்று தேடி, இருப்பதிலேயே விலை குறைவானதை ஆர்டர் போடுவது. பார்சலைப் பிரித்த பிறகுதான் தெரியும், அந்த நெகட்டிவ் மெஷினுக்குள் நுழையவே நுழையாது என்று.

முதலில் ஒரு ஸ்கேல் எடுங்க

நெகட்டிவில் படம் இருக்கும் பகுதியை அளந்து பாருங்கள். 24×36 மில்லிமீட்டர் இருந்தால் அது சாதாரண 35 எம்எம் பிலிம். சுமார் 56×56 மில்லிமீட்டர் இருந்தால் அதுதான் 'மீடியம் ஃபார்மட்'. ஸ்டூடியோக்காரர்கள் பாஷையில் '120 ரோல்'. ஒரு ரோலுக்கு 12 படம். யாஷிகா, ரோலிஃப்ளெக்ஸ் மாதிரி மேலே குனிந்து பார்த்து எடுக்கும் இரட்டை லென்ஸ் கேமராக்களிலும், இந்தியாவில் தயாரான ஆக்ஃபா கிளிக் 3-லும் ஓடியது இந்த ரோல்தான். ஊட்டியில் இயங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் 'இந்து' பிலிமும் அந்தக் காலத்து ஸ்டூடியோக்களுக்குப் பழக்கமான பெயர்.

35 எம்எம் பிலிமைவிட இதன் பரப்பு சுமார் மூன்றரை மடங்கு அதிகம். அதனால்தான் அந்தக் காலத்துப் படங்களில் பட்டுப்புடவையின் ஜரிகைகூட அவ்வளவு தெளிவாகத் தெரிகிறது. ஒழுங்காக ஸ்கேன் செய்தால் அந்தத் தெளிவு திரும்பக் கிடைக்கும்.

எதெல்லாம் வேலைக்கு ஆகாது?

கையடக்கமாக, சின்னத் திரையோடு வரும் மலிவு பிலிம் ஸ்கேனர்கள் பெரும்பாலும் 35 எம்எம்முக்கும் அதைவிடச் சின்ன பிலிம்களுக்கும் மட்டும்தான். கோடக் ஸ்கான்சா இந்த ரகம். பிளஸ்டெக் ஆப்டிக்ஃபிலிம் 8100, 8200ஐ ஆகியவை நல்ல மெஷின்கள்தான், ஆனால் அவையும் 35 எம்எம் மட்டுமே.

ஆபீஸில் ஆதார், ரேஷன் கார்டு ஸ்கேன் செய்யும் மெல்லிய ஸ்கேனர்களும் ஆகாது. கேனன் லைடு 300, 400 எல்லாம் இதில் அடக்கம். காரணம் எளிமையானது. காகிதத்தில் ஒளி பட்டுத் திரும்பி வர வேண்டும். நெகட்டிவில் ஒளி ஊடுருவிப் போக வேண்டும். அதற்கு ஸ்கேனரின் மூடியிலும் ஒரு விளக்கு இருக்கணும். அது இல்லாத ஸ்கேனரில் நெகட்டிவை வைத்தால் கறுப்பாகத்தான் வரும்.

அப்போ எதை வாங்கலாம்?

பட்ஜெட்டில் எல்லோரும் முதலில் சொல்வது எப்சன் பெர்ஃபெக்‌ஷன் வி600. மூடியில் விளக்கு உண்டு, 120 பிலிமுக்கான ஹோல்டரும் கூடவே வரும். 6×6 நெகட்டிவ் துண்டில் மூன்று படங்களை ஒரே தடவையில் வைக்கலாம். கேனனின் கேனோஸ்கேன் 9000எஃப் மார்க் 2-ம் இதே வரிசை. அது தயாரிப்பில் இல்லை. செகண்ட் ஹேண்டில் தேட வேண்டும். அடுத்த படி எப்சன் வி700, வி750, வி800, வி850. ஸ்கேன் தரம் கண்ணுக்குத் தெரிகிற அளவு உயரும், விலையும் பல மடங்கு உயரும். நிகான் கூல்ஸ்கேன் 9000 இன்றைக்கும் பலரின் கனவு மெஷின். ஆனால் பழைய ஃபயர்வயர் இணைப்பு, கிடைக்காத உதிரிபாகம் என்று ஒரு குடும்பத்துக்கு அது தேவையில்லாத தலைவலி.

'6400 டிபிஐ' என்றால்?

வி600 பெட்டியில் 6400 டிபிஐ என்று போட்டிருக்கும். ஆனால் சோதனை அட்டையை வைத்துப் பார்த்தால் அது உண்மையில் பிரித்துக் காட்டுவது சுமார் 1500 முதல் 1600 டிபிஐ அளவு விவரம்தான். மீதி எல்லாம் வெறும் ஃபைல் சைஸ். 6400-ல் கலரில், உயர்ந்த தரத்தில் ஸ்கேன் செய்தால் ஒரே ஒரு படம் 1 ஜிபியைத் தாண்டும். பத்துப் படத்துக்குள் லேப்டாப் முனகும்.

இங்கேதான் 120 பிலிமின் அதிர்ஷ்டம். 1600 டிபிஐ என்று வைத்தாலே 56 மில்லிமீட்டர் படம் ஒரு பக்கத்துக்கு சுமார் 3,500 பிக்சல், அதாவது 12 மெகாபிக்சல் தரும். ஏறக்குறைய 12 அங்குலச் சதுரத்துக்கு நல்ல பிரிண்ட் போடலாம். வீட்டுச் சுவரில் மாட்ட இது போதும். அதனால் 35 எம்எம்முக்குப் போதாத வி600, 120-க்குத் தாராளமாகப் போதும். 2400 டிபிஐயில் வைத்து, டிஃப் ஃபைலாகச் சேமித்தால் சரி.

கறுப்பு வெள்ளையா? இந்த பட்டனைத் தொடாதீங்க

எப்சனில் 'டிஜிட்டல் ஐஸ்' என்று ஒரு வசதி உண்டு. அகச்சிவப்புக் கதிர் மூலம் தூசி, கீறலைக் கண்டுபிடித்து அழிக்கும். கலர் நெகட்டிவில் அருமையாக வேலை செய்யும். ஆனால் பழைய கறுப்பு வெள்ளை பிலிமில் படமே வெள்ளித் துகள்களால் ஆனது. அந்த வெள்ளி அகச்சிவப்பைத் தடுக்கும். மெஷின் அதையும் தூசி என்று நினைத்து முகத்தையே இழுகிவிடும். ஆஃப் செய்துவிட்டு, ப்ளோயரால் ஊதித் தூசியைத் தட்டுவதுதான் வழி. துணியால் துடைப்பது, வாயால் ஊதுவது கூடவே கூடாது.

முதல் தடவை ஸ்கேன் செய்பவர்கள் அதிகம் செய்யும் தவறு இன்னொன்று: மூடியின் உள்பக்கம் இருக்கும் வெள்ளை அட்டையைக் கழற்ற மறந்துவிடுவது. அது மேல்விளக்கை மறைத்துக்கொண்டிருக்கும். மெஷின் ரிப்பேர் என்று நினைத்துத் திருப்பி அனுப்புவதற்கு முன் அதைப் பாருங்கள்.

வீட்டில் நல்ல கேமரா இருந்தால்...

ஸ்கேனரே வேண்டாம் என்பவர்களும் உண்டு. 24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு சதுர நெகட்டிவைப் படம் எடுத்தால் சுமார் 16 மெகாபிக்சல் கிடைக்கும். ஃபோகஸ் சரியாக இருந்தால் வி600-ஐவிட இது மேல். தேவை: மேக்ரோ லென்ஸ் அல்லது 50 எம்எம் லென்ஸோடு எக்ஸ்டென்ஷன் ட்யூப், ஒரு எல்இடி லைட் பேட், கேமராவை நேர் கீழே பார்க்க வைக்கும் ஸ்டாண்ட். நெகட்டிவ் வளையாமல் இருக்கணும், கேமரா துளிகூடச் சாயக் கூடாது. பொறுமை இல்லாதவர்களுக்கு இது சரிப்பட்டு வராது.

செல்போன்? எந்த நெகட்டிவில் யார் இருக்கிறார் என்று தெரிந்துகொள்ள மட்டும் போதும். டேப்லெட்டில் வெள்ளைத் திரையை வைத்து, நெகட்டிவை அதிலிருந்து கொஞ்சம் உயர்த்திப் பிடித்துப் படம் எடுத்து, நிறத்தைத் தலைகீழாக மாற்றினால் முகம் தெரிந்துவிடும். திரைமேல் நேரடியாக வைத்தால் திரையின் புள்ளிகளும் சேர்ந்து விழும்.

எத்தனை நெகட்டிவ் இருக்கு?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் எதையும் வாங்க வேண்டாம். இருபது, முப்பதுதான் என்றால் பிலிம் ஸ்கேன் செய்யும் லேபில் கொடுப்பதே லாபம். ஆனால் 120 எடுப்பார்களா, டிஃப் ஃபைல் தருவார்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். நூற்றுக்கணக்கில் இருந்தால் ஸ்கேனரை வாங்கி, வேலை முடிந்ததும் விற்றுவிடலாம். செகண்ட் ஹேண்ட் வாங்கினால், 120 ஹோல்டர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். காணாமல் போவது அதுதான். மூடி விளக்கு எரிகிறதா என்று, கையோடு ஒரு நெகட்டிவ் கொண்டுபோய் ஸ்கேன் செய்தே பார்த்துவிடுங்கள்.

வினிகர் வாடை வந்தால் தள்ளிப்போடாதீங்க

கவரைத் திறந்ததும் புளித்த வாடை அடித்தால் அசிடேட் பிலிம் சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். வெப்பமும் ஈரக்காற்றும் இதை வேகப்படுத்தும். சென்னை, நாகை மாதிரி கடலோர ஊர்களில் இரண்டுமே அதிகம். பிலிம் சுருங்கி, நெளிந்து, மேல்பூச்சு பிரிந்துவிடும். திரும்பச் சரிசெய்ய முடியாது. நல்ல நெகட்டிவ்களோடு சேர்த்து வைத்தால் அவற்றையும் பாதிக்கும். எனவே வாடை அடிப்பதைத் தனியாகப் பிரித்து, அதையே முதலில் ஸ்கேன் செய்யுங்கள். மற்றவற்றை ரப்பர் பேண்டும் பிவிசி கவரும் இல்லாமல், காகித உறையில் போட்டு, வீட்டிலேயே குளிர்ந்த, ஈரமில்லாத இடத்தில் வைக்கலாம். ஸ்கேன் ஆகிவிட்டதே என்று நெகட்டிவைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். ஹார்ட் டிஸ்க்கும் ஒருநாள் படுத்துவிடும்.