வீட்டுக்கு அடியில ஒரு ரூம் தோண்டலாமா?

இன்னைக்கு எபிசோட், இன்பாக்ஸ்ல திரும்பத் திரும்ப வர்ற ஒரு கேள்விக்கானது. "சென்னையில சொந்த வீடு. வொர்க் ஃப்ரம் ஹோமுக்கு ரூம் பத்தல, பக்கத்துல இடமும் இல்ல. கீழ தோண்டி ஒரு பேஸ்மென்ட் போட்டா என்ன?"

முதல்ல ஒரு எச்சரிக்கை. கொத்தனார்கிட்ட போய் "பேஸ்மென்ட் போடணும்"னு சொன்னா, அவர் தலையாட்டிடுவார். ஏன்னா அவருக்கு பேஸ்மட்டம்னா தரைக்கு மேல உயர்த்திக் கட்டுற அடித்தளம். நமக்கு வேணும்கிறது அண்டர்கிரவுண்ட் ரூம். ரெண்டும் நேர் எதிர்!

நான் கோடு எழுதுறவன், சிவில் ஆள் இல்ல. ஆனா இதுக்குத் தேவையான கணக்கு பிளஸ் டூ பிசிக்ஸ்தான்.

முதல் சிக்கல், மண். சாதாரண வீட்டு அஸ்திவாரம் பெரும்பாலும் அஞ்சு அடி ஆழத்துல நிக்கும். தேசிய கட்டட விதித்தொகுப்புப்படி பேஸ்மென்டோட உயரம் குறைஞ்சது 2.4 மீட்டர், அதாவது எட்டு அடி. தரை ஸ்லாப் சேர்த்தா பத்து அடி தோண்டணும். அப்போ வீட்டைத் தாங்கிட்டு இருக்கிற மண்ணையே நாம எடுக்கிறோம்.

லண்டன்ல இதைத் தினமும் செய்றாங்களேன்னு கேக்கலாம். அங்க சுவருக்கு அடியில சுமார் ஒரு மீட்டர் அகலத் துண்டா தோண்டி, காங்கிரீட் போட்டு, அது இறுகின பிறகுதான் அடுத்த துண்டைத் தொடுவாங்க. பக்கத்து பக்கத்துத் துண்டை ஒரே நேரத்துல தோண்ட மாட்டாங்க. இதுக்குப் பேர் அண்டர்பின்னிங். பக்கத்து வீட்டுல இருந்து 3 மீட்டருக்குள்ள, அவங்க அஸ்திவாரத்தை விட ஆழமா தோண்டினா, 1996-ஆம் வருஷச் சட்டப்படி அவங்களுக்கு ஒரு மாசம் முன்னாடியே நோட்டீஸ் தரணும். அப்படியும் கென்சிங்டன் அண்ட் செல்சீ கவுன்சில் 2015-ல பொதுவா ஒரு தளத்துக்கு மேல தோண்டக் கூடாதுன்னு கட்டுப்பாடு கொண்டு வந்துச்சு. நம்ம ஊர்ல? 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். வேளச்சேரியில கட்டுமானத்துக்குத் தோண்டின பெரிய பள்ளத்துல சிக்கி ரெண்டு பேர் இறந்தாங்க.

ரெண்டாவது, தண்ணி. காலிக் குடத்தைக் குளத்துக்குள்ள அமுக்கிப் பாருங்க, மேல தள்ளும் இல்லையா? அண்டர்கிரவுண்ட் ரூமும் ஒரு காலிக் குடம்தான். சென்னையில பல ஏரியாவுல மழைக்காலத்துல சில அடியிலேயே தண்ணி வந்துடும். உங்க தரை நீர்மட்டத்துக்கு 2 மீட்டர் கீழ இருந்தா, ஒவ்வொரு சதுர மீட்டரையும் 2 டன் மேல் நோக்கித் தள்ளும். 1000 சதுர அடிக்கு, அதாவது 93 சதுர மீட்டருக்கு, 186 டன். கிட்டத்தட்ட 150 கார் எடை! மேல இருக்கிற வீடு அழுத்திப் பிடிக்காதான்னா, பிடிக்கும். ஆனா அந்த எடை சுவர், தூண் வழியாத்தான் இறங்குது. நடுவுல தரை மெல்லிசா இருந்தா விரிசல் விடும், தண்ணி ஊறும்.

"பம்ப் வெச்சுக்கலாம் ப்ரோ." இங்கதான் எனக்குள்ள இருக்கிற இன்ஜினியர் முழிச்சுக்கிறான். வெள்ளம் வந்தா ஆபத்தைத் தவிர்க்க ஈபில கரண்ட்டை நிறுத்திடுவாங்க. அதாவது பம்ப் எப்போ வேணுமோ அப்போதான் பம்ப் ஓடாது. இன்வெர்ட்டரும் கீழயே இருந்தா அதுவும் முங்கிடும். மெயின் சர்வரையும் பேக்கப்பையும் ஒரே ரேக்ல வெச்ச கதை.

மூணாவது, வெளிய வர்ற வழி. இதுதான் என்னைப் பொறுத்தவரை கடைசி முடிவு எடுக்க வேண்டிய இடம். 2024 ஜூலை 27, டெல்லி ஓல்ட் ராஜிந்தர் நகர். ஸ்டோரேஜுக்கும் பார்க்கிங்குக்கும் அனுமதி வாங்கின பேஸ்மென்ட், கோச்சிங் சென்டர் லைப்ரரியா ஓடிட்டு இருந்துச்சு. மழைத்தண்ணி உள்ள புகுந்து, மூணு மாணவர்கள் இறந்தாங்க. நம்ம வயசுப் பிள்ளைங்க. அரை மீட்டர் தண்ணி நின்னாலே 90 செ.மீ. அகலக் கதவு மேல சுமார் 110 கிலோ அளவுக்கு அழுத்தம் விழும். அமெரிக்க வீட்டுக் கட்டட விதிகள்ல பேஸ்மென்ட் பெட்ரூமுக்கு ஆள் ஏறி வெளிய வர்ற அளவு ஜன்னல் கேக்கிறது சும்மா இல்ல.

அப்போ என்னதான் பண்றது? புதுசா கட்டுறீங்க, இடம் மேடு, மழைக்காலத்துலயும் நீர்மட்டம் ஆழம்னா, மண் பரிசோதனை செஞ்சு, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை வெச்சு, உள்ளூர் அனுமதியோட யோசிக்கலாம். அனுமதி எதுக்குன்னு பேப்பர்ல இருக்கோ அதுக்கு மட்டும் பயன்படுத்துங்க. ஏற்கெனவே நிக்கிற வீடு, தாழ்வான ஏரியான்னா, என் பதில் வேண்டாம். அஸ்திவாரம் தாங்குமான்னு பார்த்துட்டு மொட்டை மாடியில ஒரு ரூம் போடுங்க. வெயில் அடிக்கும்தான். ஆனா வெயிலுக்கு ஏசி இருக்கு.

வேற கேள்வி இருந்தா அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!