அலையடிக்கும் வீடு

கதை முடியாமல் விளக்கணைக்க மனம் வராதவர்களுக்காக இந்தத் தகவல் துளி.

ஆங்கில எழுத்தாளர் சுசானா கிளார்க்கின் முதல் நாவல் 2004-இல் வந்தது. பிறகு நெடுங்கால உடல்நலக் குறைவு. இரண்டாவது நாவல் வர 16 ஆண்டுகள் ஆயின. 2020-இல் வந்த அந்த 'பிரனேசி', மறு ஆண்டே பிரிட்டனின் பெண்களுக்கான புனைகதைப் பரிசை வென்றது.

எல்லையே இல்லாத ஒரு வீடு. கீழ்த்தளத்தில் கடல், மேல்தளத்தில் மேகம், நடுவே கூடம் கூடமாகப் பளிங்குச் சிலைகள். அங்கே வசிப்பவன் மீன் பிடிக்கிறான். அலை ஏறும் நேரத்தைக் கணித்து வைக்கிறான். எலும்புக்கூடுகளுக்கு உணவும் அல்லி மலரும் படைக்கிறான். நாட்குறிப்பில் ஆண்டுக்கு எண் கிடையாது. அல்பட்ராஸ் பறவை தென்மேற்குக் கூடங்களுக்கு வந்த ஆண்டு என்றுதான் எழுதுகிறான். தன் பழைய குறிப்புகளையே அவன் புரட்டத் தொடங்கும்போது மாயக்கதை மர்மக்கதையாகிவிடுகிறது. அதற்கப்புறம் புத்தகத்தைக் கீழே வைக்கவே முடியாது!

சுத்தமான துப்பறியும் கதைதான் வேண்டுமா? அதே 2020-இல் ரிச்சர்ட் ஆஸ்மன் எழுதிய 'தி தர்ஸ்டே மர்டர் கிளப்' இருக்கிறது. கென்ட் பகுதியில் முதியோர் குடியிருப்பில் வாழும் நால்வர், துப்புத் துலங்காத பழைய கொலை வழக்குகளை வியாழன்தோறும் அலசுகிறார்கள். நால்வரில் ஒருவரான ஜாய்ஸ் பாட்டியின் நாட்குறிப்புப் பகுதிகளை அவசியம் படியுங்கள்.

வரலாற்றுக் காதல் பிரியர்களுக்கு ஜூலியா குவின். 2000-இல் தொடங்கிய இவரது பிரிட்ஜர்டன் நாவல்கள், 2020 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸ் தொடரானதும் புது வாசகர்களைப் பிடித்தன. பிரிட்ஜர்டன் குடும்பத்தில் அந்தோணி முதல் ஹயசிந்த் வரை உடன்பிறப்புகள் எட்டுப் பேர். ஆங்கில அகரவரிசைப்படி பெயர்கள், ஆளுக்கொரு நாவல்.