அழகு க்ரீமா, மருந்தா? டியூப்பைத் திருப்பிப் பாருங்க!

குமரி மாவட்டம் கடியப்பட்டணம், மணவாளக்குறிச்சி கடற்கரையில் மணல் சில இடங்களில் கறுப்பாக மின்னும். அழுக்கு இல்லைங்க, இல்மனைட் என்ற தாது. அதைப் பிரித்தெடுக்கவே மணவாளக்குறிச்சியில் மத்திய அரசின் ஐ.ஆர்.இ.எல். ஆலை இருக்கிறது. இல்மனைட்டிலிருந்து எடுக்கப்படும் டைட்டானியம் டைஆக்சைடு பெரும்பாலும் பெயின்ட், பிளாஸ்டிக், காகிதத் தயாரிப்புக்குப் போகும். அதே பொருள் நன்கு சுத்திகரிக்கப்பட்டு நுண்துகளாக சன்ஸ்கிரீனிலும் சேர்கிறது, புற ஊதாக் கதிரைத் தடுக்க. (மணல் எடுப்பதை எதிர்த்து இங்குள்ள மீனவ கிராமங்கள் போராடுவது தனிக்கதை.)

சரி, அந்த சன்ஸ்கிரீன் அழகுப் பொருளா, மருந்தா? அமெரிக்காவில் அது மருந்து. இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் அழகுப் பொருள். டியூப் ஒன்றுதான், நாடு மாறினால் வகை மாறிவிடுகிறது!

இப்படி நடுவில் நிற்கும் பொருட்களுக்குத்தான் 'காஸ்மெசூட்டிக்கல்' என்று பெயர். காஸ்மெடிக், பார்மசூட்டிக்கல் இரண்டையும் ஒட்டவைத்த சொல். 1980-களில் இதைப் பிரபலமாக்கியவர் அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மேன். பருவுக்கான ட்ரெட்டினாயின் மருந்துக்குப் பின்னால் இருந்தவரும் அவரே. இன்ஸ்டாவில் எல்லோரும் பேசும் ரெட்டினால், இந்த ட்ரெட்டினாயினின் சாதுவான உறவுக்காரர். தோலுக்குள் போய் மெதுவாக அதுவாகவே மாறும். அதனால்தான் ரெட்டினாலைக் கடையில் சும்மா வாங்கலாம், ட்ரெட்டினாயினுக்கு டாக்டர் சீட்டு வேண்டும்.

ஆனால், நம் சட்டத்தில் காஸ்மெசூட்டிக்கல் என்றொரு வகையே கிடையாது. 1940-ம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுப் பொருட்கள் சட்டப்படி நோயைக் குணப்படுத்தவோ தடுக்கவோ பயன்படுவது மருந்து. சுத்தப்படுத்தவும் அழகூட்டவும் பூசுவது அழகுப் பொருள். அவ்வளவுதான். 'டெர்மா', 'கிளினிக்கல்' என்று அட்டையில் போடுவதெல்லாம் மார்க்கெட்டிங்.

இதில் என்ன பிரச்சினை என்கிறீர்களா? மருந்து, அழகு க்ரீம் வேஷத்தில் வருவதுதான். 1975-ல் கிளிக்மேனும் சக மருத்துவர் ஒருவரும் மங்கு எனப்படும் கரும்படலத்துக்கு ஒரு கலவை சொன்னார்கள்: ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், கூடவே ஒரு ஸ்டீராய்டு. மருத்துவர் கண்காணிப்பில் கொஞ்ச காலம் மட்டும் பூச வேண்டிய அந்த மும்மருந்துக் கலவையின் உள்ளூர் வடிவங்களை 'வெள்ளையாக்கும் க்ரீம்' என்று மெடிக்கலில் கேட்டு வாங்கி, மாதக்கணக்கில் பூசுகிறோம். முதலில் முகம் பளிச்சென்று ஆகும். பிறகு தோல் மெலிந்து, சிவந்து, பரு கிளம்பும். நிறுத்தினால் எரியும். எரிகிறதே என்று மறுபடி பூசுவோம். இதைத் தடுக்கத்தான் 2018-ல் 14 வகை ஸ்டீராய்டு பூச்சுகள் டாக்டர் சீட்டு கட்டாயமான 'ஷெட்யூல் ஹெச்' பட்டியலில் சேர்க்கப்பட்டன. கவுன்டரில் சீட்டு கேட்கிறார்களா என்பது நமக்கே தெரியும்.

இன்னும் மோசமானது பாதரசம். நிறம் தரும் மெலனின் உற்பத்தியைத் தடுப்பதால் சில க்ரீம்களில் ரகசியமாகக் கலக்கிறார்கள். தோல் வழியாக உடலுக்குள் போகும். பக்கத்து கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் 2021 - 2023 காலத்தில் மருத்துவர்கள் ஒருவகைச் சிறுநீரக நோயாளிகள் 22 பேரை ஆராய்ந்தனர். 15 பேருக்கு அரிதான ஒரே துணைவகை. அந்த 15 பேரில் 13 பேர் வெள்ளையாக்கும் க்ரீம் பூசியவர்கள்!

எனவே, வாங்கும்போது பின்பக்கம் பாருங்கள். க்ளோபெட்டசால், பெட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று இருந்தாலோ, சிவப்புக் கோடும் 'ஆர்எக்ஸ்' குறியும் இருந்தாலோ அது மருந்து; டாக்டர் சொல்லாமல் தொடாதீர்கள். தயாரிப்பாளர் முகவரி, உரிம எண் இல்லாததும், வெளிநாட்டு க்ரீம் என்றால் இறக்குமதிப் பதிவு எண் இல்லாததும் வேண்டவே வேண்டாம், அது 'கல்ஃப்ல இருந்து மாமா கொண்டு வந்தது' என்றாலும். ஏற்கெனவே ஸ்டீராய்டு க்ரீம் பூசிப் பழகியவர்கள் திடீரென நிறுத்தாமல், டியூப்பையும் எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மாதிரி இடங்களில் காட்ட பெரிய செலவும் ஆகாது.