கன்றுக்குப் போகத்தான் நமக்குப் பால்

மும்பையில் வளரும் நம் பிள்ளைகளிடம் "பால் எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டால், சின்னஞ்சிறுசுகள் "பாக்கெட்டிலிருந்து" என்று சொல்லும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் "பசு தருகிறது" என்பார்கள். பின்னதற்கு மதிப்பெண் கிடைக்கும். ஆயினும் அதுவும் பாதி விடைதான்.

ரயில்வேயில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றபின், செம்பூர், தாராவிப் பகுதித் தமிழ்ப் பிள்ளைகள் சிலருக்கு ஞாயிறுதோறும் பாடம் சொல்லி வருகிறேன். நாம் உண்ணும் பொருள்கள் எங்கிருந்து வருகின்றன என்று சில வாரங்கள் பேசினோம். அரிசியும் பருப்பும் சுலபமாக முடிந்தன. பாலுக்கு வந்ததும் கேள்விகள் கிளம்பின.

நம் நாட்டுப் பாலில் பாதிக்குச் சற்றே குறைவான பங்கு எருமை கொடுப்பது. பசும்பாலில் கொழுப்பு ஏறக்குறைய 4 சதவீதம் என்றால், எருமைப்பாலில் 6, 7 சதவீதம். பிள்ளைகள் வரைந்த படங்களிலோ ஓர் எருமைகூட இல்லை!

அடுத்து, மாடு சும்மா பால் சுரப்பதில்லை. சினையாகிக் கன்று ஈன்றால்தான் மடியில் பால் இறங்கும். எருமைக்குச் சினைக்காலம் பத்து மாதத்துக்கும் மேல். ஈன்றதும் வருவது சீம்பால். மராத்திய நண்பர்கள் வீட்டில் ருசித்துச் சாப்பிடும் 'கர்வஸ்' அதில் செய்ததுதான் என்றதும் பிள்ளைகளுக்கு ஒரே வியப்பு. மனுநீதிச் சோழன் கதையை எல்லாப் பிள்ளைகளும் அறிவார்கள். ஆராய்ச்சி மணியை அடித்தது கன்றை இழந்த தாய். அந்தத் தாயின் பாலைத்தான் நாம் பங்கு போட்டுக்கொள்கிறோம் என்பதை யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை.

தாராவிச் சிறுவன் ஒருவன் எழுந்து, "ஆண் கன்று பிறந்தால் என்ன தாத்தா செய்வாங்க?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. அதற்கு விடை சொல்ல வேண்டுமானால் இந்த நகரத்தின் பால் வரலாற்றையே சொல்ல வேண்டும்.

ஒரு காலத்தில் மும்பையின் நெருக்கமான தெருக்களிலேயே தபேலாக்கள் இருந்தன. நகரத்துத் தொழுவத்தில் வைக்கோல் முதல் பிண்ணாக்கு வரை எல்லாமே விலைக்கு வாங்க வேண்டும். ஆகவே பால் வற்றிய எருமையை அடுத்த ஈற்று வரை வைத்திருக்கக் கட்டுப்படியாகாது. அது கசாப்புக்குப் போகும். கன்று ஈன்ற புது எருமை வெளியூரிலிருந்து வரும். கடாக்கன்றுக்கோ வேலையே இல்லை. பல கன்றுகள் பாலின்றியே மடிந்தன. தொழுவங்களை நகருக்கு வெளியே கொண்டுபோக, கோரேகாவில் 1949இல் ஆரே பால் குடியிருப்பு அமைந்தது. 1951இல் பண்டித நேரு திறந்து வைத்தார். 1,287 ஹெக்டேர் நிலம், முப்பதுக்கு மேற்பட்ட தொழுவங்கள். சுகாதாரம் சீர்பட்டது. ஆனாலும் எருமையை நகரத்துக்குக் கொண்டுவரும் முறை மாறவில்லை.

மற்றொரு வழி, எருமையை ஊரிலேயே விட்டுவிட்டுப் பாலை மட்டும் கொண்டுவருவது. குஜராத்தின் கேடா மாவட்ட விவசாயிகள் 1946இல் கூட்டுறவு அமைத்து, 400 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஆனந்திலிருந்து ரயிலில் பம்பாய்க்குப் பால் அனுப்பினார்கள். 1949இல் அங்கு போய்ச் சேர்ந்த வர்கீஸ் குரியன் நம் சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர் என்பது நமக்குப் பெருமை. கிராமத்து எருமை சொந்த வயலின் தாளையும் வரப்புப் புல்லையும் தின்கிறது. வற்றினாலும் அடுத்த ஈற்று வரை வீட்டிலேயே நிற்கிறது. கிராமத்திலும் கடாக்கன்றின் பாடு சுகம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் தாய் தப்பியது.

இதில் ரயிலின் பங்கை நான் சற்று அதிகமாகவே சொல்லியிருப்பேன், தொழில் பாசம்! பாலை 4 டிகிரிக்குக் குளிர்வித்து, ஃபிளாஸ்க் மாதிரி வெப்பம் புகாத டாங்கரில் அடைத்தால் நெடுந்தூரம் கெடாமல் போகும். 2020 மார்ச்சில் ரேணிகுண்டாவிலிருந்து டெல்லிக்கு ஓடத் தொடங்கிய பால் ரயிலில் ஒவ்வொரு டாங்கரும் 40,000 லிட்டர் கொள்ளும்.

"குழந்தைகளிடம் கசாப்பைப் பற்றியெல்லாம் ஏன் சொல்கிறீர்கள்?" என்று ஒரு தாயார் என்னிடம் வருத்தப்பட்டார். "அம்மா, கேள்வி பிள்ளையிடமிருந்து வந்தது. பொய் சொன்னால் நாளைக்கு வேறு யாராவது உண்மையைச் சொல்லும்போது நம் சொல்லுக்கு மதிப்பிருக்காது" என்றேன். அவர் முழுக்கச் சமாதானம் அடையவில்லை. ஆனால் அடுத்த வாரமும் மகளை அனுப்பி வைத்தார். அந்தப் பெண், மீந்த பாலைக் கொட்ட விடாமல் தயிருக்கு உறை ஊற்றச் சொல்கிறாளாம்.

2025 மே மாதம் முதல் தாராவியிலிருந்து ஆரேக்கு நேரே மெட்ரோ ஓடுகிறது. இறங்கி ஆட்டோ பிடித்தால் தொழுவங்களுக்குப் போய்விடலாம். உரிமையாளரிடம் முன்கூட்டியே அனுமதி பெற்று, கறவை நேரத்தில் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். எருமையைத் தொட்டுப் பார்க்கட்டும், சாணியின் வாடையை அறியட்டும். கன்று எங்கே என்று அவர்களே கேட்பார்கள். கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். பொங்கலுக்கு முன் இப்படி ஒரு பயணத்துக்கு ஏற்பாடு செய்ய விரும்பும் பெற்றோருடன் துணைக்கு வர நான் தயார்.