பின்னல் கம்பிக்கு எந்த வெல்டிங்?

காரின் இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டை, மெல்லிய செம்பு இழைகளைச் சப்பையாகப் பின்னிச் செய்தது. இன்ஜின் அதிரும்போதெல்லாம் அது வளைந்து கொடுக்க வேண்டும். ஸ்டார்ட்டர் இழுக்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியரையும் தாங்க வேண்டும். இதன் நுனியை எப்படிப் பற்றவைப்பது?

ஆர்க் வெல்டிங் ஏன் சரிவராது?

செம்பு 1,085 டிகிரி செல்சியஸில்தான் உருகும். வைத்த சூட்டையும் கம்பி நெடுகக் கடத்திவிடும். கட்டு முழுதும் சூடேறுவதற்குள் ஓரத்து இழைகள் உருகி உருண்டை கட்டிவிடும்.

ஸ்பாட் வெல்டிங்கிலும் சிக்கல் உண்டு. மின்தடை குறைவு என்பதால் செம்புக்குள் போதிய சூடு பிறக்காது. அதனால் டங்ஸ்டன், மாலிப்டினம் எலக்ட்ரோடுகளைப் பயன்படுத்துகிறார்கள். அவை தாமே காய்ந்து இழைகளுக்குச் சூடேற்றும்.

ஈயம் வைத்தால்?

60/40 சால்டர் 183 டிகிரியிலேயே இளகத் தொடங்கும், வேலை சுலபம். ஆனால் செம்புப் பின்னல் சால்டரை உறிஞ்சும். சர்க்யூட் போர்டில் படிந்த ஈயத்தை எடுக்கவே பின்னல் நாடாவைத்தான் வைக்கிறார்கள். நுனியில் வைத்த ஈயம் உள்ளே ஏறி, ஏறிய தூரம்வரை பட்டை விறைத்துவிடும். அந்த விறைப்பு முடியும் இடத்தில்தான் அதிர்வில் இழைகள் ஒவ்வொன்றாக அறும். அதிகச் சூட்டில் இணைப்பே இளகவும் கூடும்.

பாஸ்பரஸ் கலந்த செம்புக் கம்பியால் பிரேசிங் செய்தால் இணைப்பு இளகும் பயம் இல்லை. செம்போடு செம்பு சேர்க்க பிளக்ஸும் வேண்டாம். ஆனால், 700 டிகிரியை ஒட்டிய சூட்டில் இழைகள் மெத்தென்று ஆகிவிடும். இரும்போடு சேர்த்தால் இணைப்பு நொறுங்கும்.

உருக்காமல் இணைப்பது

கார் ஒயரிங் தொழிற்சாலைகள் நாடுவது அல்ட்ராசோனிக் வெல்டிங்கை. இழைகளை அழுத்திப் பிடித்து, விநாடிக்கு 20,000 முறை அதிரவைப்பார்கள். உராய்வில் மேல்படலம் விலகி, செம்பு உருகாமலே ஒன்றோடொன்று பிணையும். வேலை முடிய ஓரிரு விநாடி போதும். சால்டரும் பிளக்ஸும் தேவையில்லை. எண்ணெய்ப் பிசுக்கு மட்டும் ஆகாது. மெஷினுக்கு விலை அதிகம் என்பதால், ஆயிரக்கணக்கில் செய்பவர்களுக்கே கட்டுப்படியாகும்.

ஒன்றிரண்டு பட்டைக்கு வெல்டிங்கே வேண்டாம். சரியான அளவு செம்பு லக்கில் நுழைத்து, அதற்குரிய டையால் கிரிம்ப் செய்தாலே போதும். எந்த முறையானாலும், கரண்ட் ஓடும்போது இணைப்பின் இருபுறமும் மல்டிமீட்டரை வைத்து மில்லிவோல்ட்டைப் பாருங்கள். அதே நீளமுள்ள வெறும் பட்டையில் வருவதைவிட அதிகமாக வந்தால், அந்த இணைப்பை வெட்டிவிட்டு மறுபடி செய்யுங்கள்.