தொட்டிக் கெளுத்தி மீன்களின் நிறம்

தொட்டிக் கெளுத்தி மீன்களின் நிறம் என்பது வீடுகளில் கண்ணாடித் தொட்டிகளில் வளர்க்கப்படும் கெளுத்தி வகை மீன்களின் தோலில் காணப்படும் நிறத்தையும் அதன் மாற்றங்களையும் குறிக்கும். மரபு, வயது, ஒளி, பின்புலம், உணவு, நீரின் தன்மை, உடல்நலம் ஆகியவை இந்நிறத்தை முடிவு செய்கின்றன. கெளுத்தி மீன்களுக்குச் செதில்கள் இல்லை. சில இனங்களில் மட்டும் எலும்புத் தகடுகள் உள்ளன. எனவே சூழலில் ஏற்படும் மாற்றம் இவற்றின் தோலில் விரைவாக வெளிப்படுகிறது.

நிறம் தோன்றும் முறை

மீனின் தோலில் நிறமி உயிரணுக்கள் உள்ளன. கருநிற உயிரணுக்களில் மெலனின் துகள்களும், மஞ்சள், சிவப்பு உயிரணுக்களில் கரோட்டினாய்டு முதலிய நிறமிகளும் இருக்கும். ஒளிர் உயிரணுக்களில் உள்ள நுண்படிகங்கள் ஒளியைத் திருப்பி வெள்ளி நிறத்தைத் தருகின்றன. மெலனின் துகள்கள் உயிரணு முழுவதும் பரவினால் மீன் கருமையாகவும், நடுவில் குவிந்தால் வெளிறியும் தோன்றும். நரம்புகளும் இயக்குநீர்களும் இச்செயலைக் கட்டுப்படுத்துகின்றன.

கண்ணாடிக் கெளுத்தியின் வானவில் நிறத்திற்கு நிறமி காரணமன்று. அதன் ஒளிபுகும் உடலிலுள்ள தசைநார்களின் ஒழுங்கான அடுக்கு ஒளியைச் சிதறச் செய்வதே காரணம் என 2023 ஆம் ஆண்டு வெளியான ஆய்வு காட்டியது. இம்மீன் இறந்தால் உடல் பால்போல வெண்மையாகிவிடும்.

மரபும் வயதும்

கோடுகளும் புள்ளிகளும் மரபு வழி வருபவை. தமிழ்நாட்டு நீர்நிலைகளில் காணப்படும் கோட்டுக் கெளுத்தியின் உடலில் நீளவாட்டில் கோடுகளும், செவுளின் பின்னே கரும்புள்ளியும் உண்டு. இம்மீனையும் முள்ளால் கொட்டும் தேளி மீனையும் தரங்கம்பாடியிலிருந்து பெற்ற மாதிரிகளைக் கொண்டு செருமானிய அறிஞர் பிளாக் 1794 இல் அறிவியலுக்கு விவரித்தார்.

மெலனின் உருவாகாத மரபுப் பிறழ்வுடைய மீன்கள் வெளிர் நிறமும் சிவந்த கண்களும் கொண்டிருக்கும். வெள்ளைக் கோரிடோராஸ், கடைகளில் சுறா என விற்கப்படும் பங்காசியஸ் கெளுத்தியின் வெள்ளை வடிவம் ஆகியவை இத்தகையன. இவற்றை எவ்வுணவு கொடுத்தும் கருமையாக்க இயலாது. பங்காசியஸ் குஞ்சுகளின் கருங்கோடுகள் வளர வளர மறைந்து உடல் சாம்பல் நிறமாவது இயல்பு, அது நோயன்று.

பின்புலமும் ஒளியும்

கண்ணின் வழியாகப் பின்புலத்தை உணர்ந்து மீன் தன் நிறத்தை மாற்றுகிறது. வெள்ளை மணலும் மறைவிடமற்ற தொட்டியும் மீனை வெளிறச் செய்கின்றன. கரிய மணல், மரத்துண்டு, செடி ஆகியவை நிறத்தை அடர்த்தியாக்குகின்றன. துகள்கள் நகர்வதால் ஏற்படும் மாற்றம் சில நிமிடங்களிலோ மணிகளிலோ நிகழும். பல வாரங்கள் ஒரே பின்புலத்தில் இருந்தால் நிறமி உயிரணுக்களின் எண்ணிக்கையே மாறும். கெளுத்திகளுள் பெரும்பாலானவை இரவில் இயங்குவன. ஆகவே கடும் விளக்கொளி அவற்றை அச்சுறுத்தும்.

ஆப்பிரிக்காவின் தலைகீழ்க் கெளுத்தி மல்லாந்து நீந்துகிறது. பிற மீன்களில் முதுகு கருமையாகவும் வயிறு வெளிறியும் இருக்க, இதில் வயிறே கருமையாக இருக்கிறது. பகைவர் கண்ணில் படாதிருக்க இது உதவுகிறது.

உணவு

மீன்கள் கரோட்டினாய்டுகளைத் தாமே உருவாக்க இயலாது. இறால், சுருள்பாசி, கேரட், செண்டுமல்லி இதழ் ஆகியவற்றிலிருந்து இவை கிடைக்கின்றன. மஞ்சள், சிவப்புச் சாயலுள்ள இனங்களுக்கே இவை பயன்தரும். பழுப்பும் கருப்பும் உள்ள கெளுத்திகளில் இவற்றால் பெரிய மாற்றம் நிகழாது.

நீரும் உடல்நலமும்

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் முதலிய தென்சென்னைப் புறநகர்களில் பல வீடுகள் ஆழ்துளைக் கிணற்று நீரையே பயன்படுத்துகின்றன. இந்நீர் பல இடங்களில் கடினத்தன்மை மிக்கது. தென் அமெரிக்காவின் மென்னீரில் தோன்றிய கெளுத்திகள் இதற்குப் பழகுவதற்குக் காலம் ஆகும்; அதுவரை அவை வெளிறியிருக்கலாம். குழாய் நீரிலுள்ள குளோரினை நீக்காமல் ஊற்றுவதும் தோலையும் செவுளையும் தாக்கும்.

நிறமாற்றம் நோயின் முதல் அறிகுறியாகவும் இருக்கலாம். வெண்புள்ளிகள் ஒட்டுண்ணியையும், சாம்பல் நிறத் திட்டுகள் பாக்டீரியத் தாக்கத்தையும், துடுப்படியிலும் வயிற்றிலும் தோன்றும் சிவப்பு அம்மோனியா மிகுதியையும் காட்டக்கூடும். செதிலற்ற தோல் மருந்தை எளிதில் ஈர்ப்பதால், செம்புச் சேர்மங்கள், மலாக்கைட் பச்சை ஆகியவற்றைப் பிற மீன்களுக்குக் கொடுக்கும் அளவில் கெளுத்திகளுக்குக் கொடுத்தல் ஆபத்தானது. முதலில் நீரைச் சோதித்து, ஒரு பகுதியை மாற்றுவதே தக்கது.

செயற்கை நிறமேற்றல்

வெள்ளைக் கோரிடோராஸ் போன்ற மீன்களுக்கு ஊசி வழியாகச் சாயம் ஏற்றி நீலம், இளஞ்சிவப்பு நிறங்களில் விற்பது உண்டு. இதனால் ஏற்படும் காயத்தில் நோய் தொற்றும். பல மீன்கள் இறக்கும். பிழைத்தவற்றிலும் சாயம் சில மாதங்களில் மங்கும். சாயம் குஞ்சுகளுக்குச் செல்வதில்லை.

நீர்நிலைகளில் விடுதல்

தொட்டியைத் துப்புரவு செய்யும் எனச் சிறியதாக வாங்கப்படும் சக்கர் மீன் 40 சென்டிமீட்டருக்கும் மேல் வளரக்கூடியது. தொட்டி போதாமல் இதனை ஏரியில் விடுவோர் உள்ளனர். அடையாற்றை அடுத்த முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் 2015 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கின. இத்தகைய வெள்ளங்கள் ஓரிடத்தில் விடப்பட்ட மீனை ஏரிகளுக்கும் சதுப்புநிலத்திற்கும் பரப்ப வல்லவை. இம்மீனின் பழுப்புப் புள்ளிகள் சேற்றுத் தரையில் அதனை நன்கு மறைக்கின்றன. எலும்புத் தகடுகள் பறவைகளிடமிருந்து காக்கின்றன.

நிறம் உயிர்பிழைப்பை எவ்வாறு முடிவு செய்கிறது என்பதற்குப் புளோரிடா ஓர் எடுத்துக்காட்டாகும். 1960களில் அங்குத் தப்பிய நடக்கும் கெளுத்திகளில் பல வெள்ளை நிறத்தவை. அவை எளிதில் இரையாயின. இன்று அங்குக் காணப்படுபவை பெரும்பாலும் கருநிறத்தவையே. எனவே வளர்க்க இயலாத மீனைக் கடைக்கோ வேறு வளர்ப்பவருக்கோ கொடுத்தல் வேண்டும். ஏரியில் விடுதல் கூடாது.