வோல்ட்டேஜ் இருக்கு, வண்டி கிளம்பலை

பதினைந்து வருடம் ஓடிய எஸ்யூவி ஒன்று காலையில் மக்கர் செய்தால் நடப்பது பெரும்பாலும் இதுதான். சாவியைத் திருப்பினால் டேஷ்போர்டு விளக்குகள் எரியும், உள்ளே எங்கோ ‘டொக்’ என்று ஒரு சத்தம் வரும், அதோடு சரி. வந்து பார்ப்பவர் பேட்டரி என்பார். புதுப் பேட்டரி போட்டதும் வண்டி கிளம்பிவிடும். சில வாரம் கழித்து மறுபடியும் ‘டொக்’. இந்த முறை பழி செல்ஃப் மோட்டார் மீது. அதைக் கழற்றிக் கார்பன் மாற்றுவார்கள். அடுத்த மழைக்கு மீண்டும் அதே கதை. இக்னிஷன் சுவிட்ச், ரிலே, டைனமோ என்று ஒவ்வொன்றாக மாற்றி முடித்தபின், யாரோ ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் வண்டிக்கு அடியில் படுத்து, களிம்பு ஏறிய ஒரு போல்ட்டை உப்புத்தாளால் தேய்த்து இறுக்குவார். நோய் தீர்ந்துவிடும். அதுவரை செலவான பணத்துக்குப் பதில் சொல்ல ஆள் இருக்காது.

இதில் யாரும் ஏமாற்றவில்லை என்பதுதான் வேடிக்கை. “லைட் நல்லா எரியுது, கரண்ட் வருது சார்” என்று மெக்கானிக் சொன்னது உண்மை. டெஸ்ட் லேம்ப்பை வைத்துப் பார்த்தார், பளிச்சென்று எரிந்தது. மல்ட்டிமீட்டரும் 12.6 காட்டியது. காரீய-அமில பேட்டரியில் ஆறு செல்கள், ஒவ்வொன்றும் 2.1 வோல்ட், முழு சார்ஜில் 12.6 வரவேண்டும், வந்திருக்கிறது. ஆனால் அந்தச் சோதனை கேட்டது வேறு கேள்வியை.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் புரியும். களிம்பு ஏறிய அந்த இணைப்பின் மின்தடை 0.01 ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு. சாதாரண மல்ட்டிமீட்டரின் ஓம் அளவையில் இதைப் பிடிக்கவே முடியாது. ஐந்து வாட் டெஸ்ட் லேம்ப் இழுப்பது ஏறக்குறைய 0.4 ஆம்பியர். ஓம் விதிப்படி அந்த இணைப்பில் தொலையும் வோல்ட்டேஜ் 0.004. பல்பு பிரகாசமாக எரியாமல் என்ன செய்யும்? செல்ஃப் மோட்டார் அப்படியில்லை. எஞ்சினைச் சுற்றும்போது அது 200 ஆம்பியர் இழுக்கும், பெரிய டீசல் எஞ்சின் என்றால் இன்னும் அதிகம். அதே 0.01 ஓமில் இப்போது 2 வோல்ட் போய்விடுகிறது. பேட்டரியே அந்த நேரத்தில் பத்து, பத்தரைக்கு இறங்கியிருக்கும். அதிலும் இரண்டு குறைந்தால் மோட்டார் முனகத்தான் செய்யும். தொலைந்த மின்சாரம் மாயமாகவில்லை: 2 வோல்ட்டை 200 ஆம்பியரால் பெருக்கினால் 400 வாட், அத்தனையும் அந்தச் சிறிய போல்ட்டில் வெப்பமாகிறது. விடாமல் செல்ஃப் அடித்துவிட்டு டெர்மினல்களைத் தொட்டுப் பார்த்தால் எது சுடுகிறதோ அதுதான் குற்றவாளி.

புதுப் பேட்டரி போட்டதும் வண்டி ஏன் கிளம்பியது? புதியதன் உள்தடை குறைவு, அதனால் அந்த இழப்பையும் தாங்கிக்கொண்டு கொஞ்சம் மிச்சம் வைத்திருந்தது. இன்னொன்றும் உண்டு. பேட்டரி மாற்றும்போது டெர்மினலைச் சுரண்டித்தான் மாட்டுவார்கள். பல வண்டிகளில் பாதி வைத்தியம் அந்தச் சுரண்டல்தான்.

அந்த இணைப்பில் தடை எப்படி ஏறுகிறது? இரண்டு உலோகங்களை இறுக்கி வைத்தால் அவை முழுப் பரப்பிலும் ஒட்டிக்கொள்ளும் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. எவ்வளவு வழவழப்பான உலோகமும் நுண்ணோக்கியில் மேடும் பள்ளமும்தான். இரு பக்கத்து மேடுகளின் நுனிகள் தொடும் சில புள்ளிகள் வழியாகத்தான் மின்சாரம் முழுவதும் நெருக்கியடித்துக்கொண்டு கடக்கிறது. சுவீடன் நாட்டு இயற்பியலாளர் ராக்னார் ஹோல்ம் தன் வாழ்நாளின் பெரும்பகுதியை இந்த ஒரு விஷயத்துக்கே செலவிட்டார். மின்தொடர்புகளைப் பற்றிய இன்றைய அறிவியலின் அடித்தளம் அவர் போட்டது. அந்தப் புள்ளிகளைச் சுற்றி ஈரமும் உப்பும் புகுந்து ஆக்சைடு வளரும்போது புள்ளிகளின் எண்ணிக்கை குறைகிறது, தடை ஏறுகிறது. கடற்கரை ஊர்களில் இது சீக்கிரம் நடக்கும். செம்புக் கம்பியின் நுனியில் தொடங்கும் பச்சைக் களிம்பு, இழைகளின் இடுக்கு வழியே ஈரத்தோடு ஏறி, இன்சுலேஷனுக்குள்ளும் வளரும். மேலே பார்த்தால் வயர் புதிதாகத் தெரியும். மடக்கினால் உள்ளே பொடிப்பொடியாக உடையும்.

ஈரமே படாத கனெக்டர்களும் தப்புவதில்லை. ஓடும் வண்டியின் அதிர்வில், தகரம் பூசிய பின்கள் மில்லிமீட்டரில் மிகச் சிறிய பங்குக்கு முன்னும் பின்னும் உராய்ந்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொரு உராய்வும் கொஞ்சம் உலோகத்தைச் சுரண்ட, அது ஆக்சைடாகி அங்கேயே படிய, சில ஆண்டுகளில் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் உருவாகிவிடுகிறது. கனெக்டரை ஒரு தடவை கழற்றி மாட்டினால் படலம் கிழிந்து வண்டி ஒழுங்காக ஓடும். ‘ஒரு தட்டு தட்டினா சரியாயிடும்’ என்ற நம் ஊர் வைத்தியத்துக்குப் பின்னால் இப்படி ஓர் இயற்பியல் இருக்கிறது. என்ன, அதன் ஆயுள் அடுத்த வேகத்தடை வரைக்கும்தான்.

எஸ்யூவி என்பதால் கூடும் சிக்கல் ஒன்று உண்டு. பொதுவாக வண்டிகளில் மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பி வருவதற்குத் தனி வயர் கிடையாது. வண்டியின் இரும்பே திரும்பும் வழி. ஸ்கார்பியோ, பொலேரோ, சுமோ, குவாலிஸ் போன்றவற்றில் சேஸிஸ் தனி, அதன்மேல் உட்காரும் பாடி தனி. எஞ்சின் ரப்பர் மவுன்ட்டுகளில் தொங்குகிறது, பாடியும் ரப்பர் புஷ்களின் மேல்தான் நிற்கிறது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே எஞ்சினிலிருந்து சேஸிஸுக்கும், சேஸிஸிலிருந்து பாடிக்கும் செம்பில் பின்னிய எர்த் பட்டைகளைக் கொடுத்திருப்பார்கள். சேறும் தண்ணீரும் நேராகப் படும் இடம் அது. கிளட்ச் வேலைக்காக கியர்பாக்ஸை இறக்கியவர் பட்டையைத் திரும்ப மாட்ட மறந்துவிடுவதும் உண்டு.

எர்த் சரியில்லாத வண்டி பேய் பிடித்தது போல நடந்துகொள்ளும். ஹெட்லைட்டைப் போட்டால் டெம்பரேச்சர் முள் ஏறும். பிரேக்கை மிதித்தால் பின்னால் இண்டிகேட்டர் மங்கலாக மினுங்கும். திரும்பும் வழி அடைபட்ட மின்சாரம் பக்கத்துச் சுற்றுகள் வழியாகப் பேட்டரிக்குப் போகப் பார்க்கிறது, வேறொன்றுமில்லை. எஞ்சினுக்கான பட்டை முற்றிலும் விட்டுப்போனால், செல்ஃப் மோட்டாரின் 200 ஆம்பியர் ஆக்ஸிலரேட்டர் கேபிளின் மெல்லிய எஃகுக் கம்பி வழியாகக்கூடப் பாயும். கேபிள் உறை உருகியிருப்பதைப் பார்த்தால் புதுக் கேபிள் வாங்கும் முன் எர்த்தைத் தேடுங்கள்.

பெட்ரோல் வண்டியில் இந்தச் சில்லறை இழப்புகள் தீப்பொறியையும் தின்கின்றன. பேட்டரியின் 12 வோல்ட்டை வைத்துக்கொண்டு பிளக்கின் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் பொறி பறக்கவிட முடியாது. அதற்கு ஆயிரக்கணக்கான வோல்ட் தேவை. இக்னிஷன் காயிலின் முதல் சுருளில் மின்சாரம் பாய்ந்து காந்தப்புலத்தை நிரப்புகிறது. சட்டென்று அதைத் துண்டித்தால் புலம் சரிந்து, பல ஆயிரம் சுற்றுகள் கொண்ட இரண்டாம் சுருளில் 20,000 வோல்ட்டுக்கு மேல் எழும்புகிறது. 1831-இல் ஃபாரடே கண்ட மின்காந்தத் தூண்டல்தான் இது. பேட்டரியில் ஓடும் இந்த முறையைக் காருக்குப் பழக்கியவர் அமெரிக்கரான சார்லஸ் கெட்டரிங். 1912-இல் காடிலாக் காரில் வந்த எலக்ட்ரிக் ஸ்டார்ட்டரும் அவருடைய கைவேலை. இன்று பழைய வண்டியில் நாம் திட்டும் இரண்டு சாமான்களுக்கும் தகப்பன் ஒருவரே.

நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும்போது நொடிக்கு நூறு பொறி வேண்டும். காயில் நிரம்பக் கிடைக்கும் நேரம் சில மில்லிநொடிதான். காயிலில் சேரும் ஆற்றல் மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. வழியில் எங்கோ மூன்று வோல்ட் தொலைந்து காயிலுக்கு 12-க்குப் பதில் 9 வந்தால், அதே நேரத்தில் சேரும் மின்னோட்டம் முக்கால், ஆற்றலோ கிட்டத்தட்டப் பாதி. (புதிய வண்டிகளில் இதை உணர்ந்து கம்ப்யூட்டர் நிரப்பும் நேரத்தைக் கூட்டிக்கொள்ளும், பழையதில் அந்த வசதி இல்லை.) சமதரையில் தெரியாது. மேட்டில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறுகிறது. அடர்ந்த காற்றைப் பிளக்கக் கூடுதல் வோல்ட் தேவைப்படுகிறது. அப்போதுதான் மிஸ்ஸிங் அடிக்கும். மழைநாளில் மட்டும் மிஸ்ஸிங் என்றால் சந்தேகம் பிளக் வயர் மேல். இருட்டில் போனட்டைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டு, எதையும் தொடாமல் பாருங்கள். விரிசல் விட்ட வயரிலிருந்து பக்கத்து இரும்புக்கு நீலப் பொறி தாவுவது வெறும் கண்ணுக்கே தெரியும்.

டீசல் வண்டிக்கு இந்தத் தொல்லை இல்லை. அழுத்தத்தின் சூட்டிலேயே எரியும் எஞ்சின் அது; குளிரில் உதவ ஹீட்டர் பிளக் மட்டும். செல்ஃபும் சென்சாரும் சாவியும் அதற்கும் பொது.

இன்னொரு வகைப் பழுது மனிதரைப் பைத்தியமாக்கும். நெடுஞ்சாலையில் சூடேறியதும் எஞ்சின் திடீரென்று நின்றுவிடும். அரை மணி நேரம் மரத்தடியில் நின்றால் எதுவுமே நடக்காதது போலக் கிளம்பும். பட்டறைக்குக் கொண்டுபோனால் ஒரு குறையும் தெரியாது. சூட்டில் ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு அளவில் விரிகிறது. நுண்ணிய விரிசல் விட்ட ஈயப்பற்று சூட்டில் விலகி, ஆறியதும் ஒட்டிக்கொள்ளும். பிரான்கோ எஸ்யூவி உட்பட ஃபோர்டு வண்டிகள் பலவற்றில் இக்னிஷன் மாட்யூலை, கொதிக்கும் எஞ்சின்மேல் இருக்கும் டிஸ்ட்ரிபியூட்டரிலேயே பொருத்தியிருந்தார்கள். ஓடும்போது வண்டி நின்றுபோகிறது என்று வழக்கு நடந்து, 2000-இல் கலிஃபோர்னியா நீதிபதி ஒருவர் வண்டிகளைத் திரும்ப அழைக்கவே ஆணையிட்டார். மறு ஆண்டு நிறுவனம் சமரசத்துக்கு வந்தது. இப்போதைய வண்டிகளில் இப்படிச் சூட்டில் நிற்கவைப்பது பெரும்பாலும் கிராங்க் சென்சார். எஞ்சின் எந்த நிலையில் இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வதில் முதன்மையானது அது. அது வாய் மூடினால் பல வண்டிகளில் பொறியும் இல்லை, எரிபொருளும் இல்லை. நின்ற உடனே, ஆறுவதற்குள், அதன்மேல் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி வண்டி கிளம்பினால் விடை கிடைத்துவிட்டது. அந்தத் தருணத்தைத் தவறவிட்டால் பட்டறையில் ஊகம்தான்.

சாவித் துளையையும் லேசாக எண்ண வேண்டாம். 2014-இல் ஜீப் கமாண்டர், கிராண்ட் செரோக்கி வண்டிகள் ஏழரை லட்சத்துக்கு மேல் திரும்ப அழைக்கப்பட்டன. ஓட்டுநரின் முழங்கால் இடித்தாலே சாவி ‘ஆன்’ நிலையிலிருந்து நழுவி, ஓடும் வண்டியில் எஞ்சினும் பவர் ஸ்டீயரிங்கும் அணையக்கூடும் என்பது காரணம். பழைய வண்டியில் சுவிட்ச் தேய்ந்திருக்கும். அந்தச் சாவியில் வீட்டுச் சாவி, பீரோ சாவி, பித்தளைப் பிள்ளையார் எல்லாம் கோத்துத் தொங்கவிடுவது நல்லதல்ல.

வண்டிக்கு வயதாவது ஒரு பக்கம், நாம் செய்யும் அட்டூழியம் ஒரு பக்கம். ஃபாக் லேம்ப், ஊரை எழுப்பும் ஹார்ன், ஆம்ப்ளிஃபயர் என்று ஒவ்வொன்றுக்கும் கம்பெனி வயரைச் சுரண்டி, முறுக்கி, டேப் சுற்றியிருப்போம். வெயிலில் டேப்பின் பசை உருகி வழிய, முறுக்கு தளர, அங்கே ஒரு புதிய 0.01 ஓம் பிறக்கிறது. சாவியை எடுத்தபின்னும் இவற்றில் ஒன்று அரை ஆம்பியர் இழுத்துக்கொண்டிருந்தால், 60 ஆம்பியர்-மணி பேட்டரி ஐந்து நாளில் காலி. எல்லாம் ஒழுங்காக உள்ள வண்டியில் அந்த ஒழுகல் 0.05 ஆம்பியருக்குள் அடங்கும். இதெல்லாம் பணநஷ்டத்தோடு போய்விடும். ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று அதில் செம்புக் கம்பியைச் சுற்றுவது அப்படியல்ல. அது வண்டிக்குத் தீ வைக்கும் ஏற்பாடு. போன ஃபியூஸ் தன் கடமையைச் செய்திருக்கிறது, எலி கடித்த வயரோ உரசும் வயரோ எங்கோ இருக்கிறது என்று பொருள்.

செல்ஃபைத் தடுக்கும் களிம்பு இணைப்பைப் பிடிக்கும் சோதனை ஒன்றுதான், மலிவான மல்ட்டிமீட்டரே போதும். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரியின் மைனஸ் கம்பத்திலும் (கிளாம்ப்பில் அல்ல, ஈயக் கம்பத்திலேயே) மறுமுனையை எஞ்சினின் வெற்று உலோகத்திலும் வையுங்கள். கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, ஃபேன் பெல்ட் பக்கம் கை போகாமல், இன்னொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். மீட்டர் 0.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. அடுத்து பிளஸ் கம்பத்துக்கும் செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட்டுக்கும் இடையே. அது அரை வோல்ட்டுக்குள் இருக்கவேண்டும். தாண்டினால் பழுது மோட்டாரில் இல்லை, வழியில் இருக்கிறது. முனையை ஒவ்வொரு இணைப்பாக நகர்த்திக்கொண்டே போனால் எந்த போல்ட் என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அடுத்த முறை யாராவது பேட்டரியை மாற்றச் சொன்னால், முதலில் இந்த இரண்டு அளவையும் உங்கள் கண்முன்னே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மாட்டேன் என்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.